கண்ணில் தொட்டு வைத்த ஏரித்தண்ணீர்

முதுகலை வாய்மொழித் தேர்வு முடியும் நேரத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்களிடம் பேசிய பெண்கள் யாருக்காவது இந்த ஆய்வால் பாதிப்பு ஏதும் வந்ததா?" சம்பிரதாயமான கேள்விதான். எனக்கு முன்னால் போன மாணவர்களிடமும் கேட்டிருந்தார். "இல்லை மேடம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அது நடுங்காமல் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதே நேரத்தில் பழவேற்காட்டு ஏரியில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒருத்தி தனியாக உட்கார்ந்து சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்னால்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயரை எழுத்தாக அல்ல, படமாகப் பார்த்து ஏறுகிறவர். நான் இதழியலும் தொடர்பியலும் படிக்கப் போனபோது குப்பத்தில் அதைப் 'பேப்பர் படிப்பு' என்றார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. விடுமுறையில் வரும்போது கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றாமலே தெருவில் நடப்பேன்.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஏரிக்கரைப் பெண்கள் தொலைக்காட்சிச் செய்திகளில் தங்களைப் பார்க்கும்போது என்ன நினைக்கிறார்கள்? தெற்கே துறைமுகத்தை விரிவாக்கப் போகிறார்கள், ஏரி போய்விடும் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் கேமரா வண்டிகள் வரும். முதலில் டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படமெடுப்பார்கள். பிறகு படகுகளை. பிறகு எங்களை. படத்தில் இருக்கிறவள் அந்தப் படத்தைப் பற்றி என்ன நினைத்தாள் என்று யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை. நான் கேட்கப் போகிறேன் என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நல்ல கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன். அதைக் கேட்ட விதத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு பெண்களிடம் நீண்ட பேட்டி. பெயருக்குப் பதில் எண். எனக்குப் பழக்கமான பெண்களையே தேர்ந்தெடுத்தேன். ஆய்வு முறையில் அதற்கு 'வசதி மாதிரி' என்று பெயர் உண்டு. வசதி யாருக்கு என்று நான் யோசிக்கவில்லை.

ஏழாம் எண் எதிர்வீட்டு அத்தை. நைனாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்கள் பெண்களுக்கு இறால் பிடிக்க வலையோ படகோ இல்லை, இரண்டு கைதான். தோளோடு தோள் வரிசையாகத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவிக்கொண்டே முன்னே நகர்வார்கள். ஒருத்தியின் கைக்குத் தப்பிய இறால் அடுத்தவளின் கைக்குள் போகும். பிடித்ததைப் போட, பனையோலையில் பின்னிய பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அத்தைக்கு மட்டும் மேல்வரிசை முன்பற்கள் மூன்று போய்விட்டிருந்தன. பழைய சேலையைக் கிழித்து, பறியைக் கழுத்தில் கட்டித் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொள்வாள். அதனால் அந்த வரிசையில் வாய் ஓயாமல் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பறியைக் கவ்வியபடியே அவள் பேச்சுக்கு மூக்கால் சிரிப்பார்கள். வரிசையில் அவள் இடம் எப்போதும் நடுவில்.

வீட்டில் பேசினால் நாலு காது கேட்கும் என்று கல்லறை மதில் நிழலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன்.

"நீ பேசறத என்னத் தவிர வேற யாரும் கேக்கமாட்டாங்க. உன் பேரும் வராது அத்தை. ஏழுன்னுதான் வரும்."

"ஏழா? எனக்கு முன்னாடி ஆறு பேரு கீறாளுங்களா? எவளுங்க?"

"அது சொல்லக்கூடாது."

"பாத்தியா, இப்பவே கமுக்கம்."

"எப்ப வேணும்னாலும், நான் சொன்னத எடுத்துடுன்னு நீ சொல்லலாம். நான் எடுத்துடணும்."

"எடுத்துடுவியா?"

"கண்டிப்பா. அழிச்சிடுவேன்."

"செர்தான், வையி உன் மிஷின" என்று படிவத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். மை போகட்டும் என்று விரலை மதிலில் தேய்த்துக்கொண்டாள்.

போன முறை கேமரா வந்தபோது செய்தியில் பெரிதாகக் காட்டப்பட்ட முகம் அவளுடையது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"பொம்பளைங்க முன்னாடி வந்து அழுவுங்கன்னு ஊர்ல சொன்னாங்க. போயி நின்னேன். கண்ணுல ஒரு சொட்டு வர்ல. கேமராக்காரன் வேற, 'அம்மா இங்க பாருங்க, இங்க பாருங்க'ன்றான். இன்னா பண்றது? குனிஞ்சி ஏரித்தண்ணிய தொட்டு ரெண்டு கண்ணுலயும் வச்சிகினேன். உப்புத்தண்ணி, எரிஞ்சிச்சி பாரு! அப்பால தானா கொட்டுது. டீவில என்னத்தான் காமிச்சான், சினிமாக்காரி கணக்கா."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அதுக்காக அழுவ ஒண்ணும் இல்லன்னு இல்ல பாப்பா. எங்க ஊட்டுக்காரன் செத்தப்பகூட எனக்கு ஆறு மாசம் கழிச்சிதான் அழுகை வந்துச்சி. ஏரி பூடுச்சின்னா என் கைக்கு வேற இன்னா வேல தெரியும்? தெனம் அததான் நெனச்சிகினு கீறேன். அழுகை அது வர்றப்பதான் வரும். கேமராக்காரன் வர்றப்பவா வரும்?"

பதிவு என் கைபேசியில் இருந்தது. விடுதிக்குப் போய் எழுத்தாக்கினேன். அடுத்த வேலை, ஒவ்வொருவர் சொன்னதையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே மாதிரியானவற்றை ஒரு தலைப்பின் கீழ் சேர்ப்பது. எனக்கு ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது: 'காட்சிக்காக உருவாக்கப்படும் துயரம்'. ஏரித்தண்ணீரைக் கண்ணில் வைத்துக்கொண்டது அதற்குச் சரியாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு அவள் சொன்னது பொருந்தவில்லை. விட்டுவிட்டேன். விட்ட இடத்தில், விட்டதைக் காட்டும் மூன்று புள்ளிகள்கூட வைக்கவில்லை.

பேசியவரைப் பற்றி இரண்டு வரி எழுதினால் பேட்டிக்கு உயிர் வரும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். எழுதினேன்: 'முன்பற்களை இழந்த இவர், பறியைக் கவ்வ முடியாமல் சேலைக் கிழிசலால் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்.' அந்த வரியின் ஓரத்தில் பேராசிரியர் பச்சை மையில் 'அருமை' என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்தேன். எங்கள் குப்பத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள்? நொண்டிக்காலன், வேப்பமரத்து வீட்டுக்காரி, பறியைக் கழுத்தில் கட்டுறவள். பிறந்ததிலிருந்து அங்கே இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் இங்கே இதை யார் படிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்குள் இருந்த இளக்காரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன்: எங்கள் குப்பத்தில் செய்தித்தாளை ஒருவர்தான் படிக்கிறார், ஊரே கேட்கிறது என்று. டீக்கடையில் தினமும் காலையில் ஒரு பெரியவர் சத்தமாகப் பேப்பர் படிப்பார். எட்டாவது வரை படித்தவர். அச்சில் வந்த எதுவும் அவர் வாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போய்விடும். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சமர்ப்பிப்பதற்கு முந்தைய வரைவைச் சுருள் கம்பியில் கோத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, நைனாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் நான் எழுந்திருப்பதற்குள் நைனா ஏட்டைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். "என் பொண்ணு உன்னப்பத்தி எழுதிகீறா, படி" என்று நீட்டியிருக்கிறார். பெரியவர் தன்னைப் பற்றிய பக்கத்தை இரண்டு முறை படித்திருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். "இன்னும் படி, இன்னா எழுதிகீதுன்னு பாப்போம்" என்றிருக்கிறார் நைனா. பெரியவர் படித்துக்கொண்டே போய் ஏழாம் எண்ணுக்கு வந்திருக்கிறார்.

நைனா திரும்பி வந்து ஏட்டை என் பக்கத்தில் வைத்தார். "நல்லாத்தான் எழுதிகீற" என்றார். பிறகு வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாள் அம்மா ஏரியிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். பறியில் கால்வாசிகூட இறால் இல்லை.

"அவள வரிசையில சேக்கல" என்றாள்.

"யாரு?"

"எல்லாரும்தான். அவ வந்து குந்தினா, இவளுங்க எழுந்து பத்தடி தள்ளிப் போறாளுங்க. ஒருத்தி தண்ணிய அள்ளி அவ மூஞ்சில தெளிச்சி, 'இந்தா, கண்ணுல வச்சிக்கோ'ன்றா. 'நம்ம அழுவறது எல்லாம் நடிப்புன்னு எழுத வச்சிட்டா, நாளைக்கி போர்ட்டு கட்றவன் இதத்தான் காமிப்பான்'னு இன்னொருத்தி."

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"நீ இன்னாம்மா சொன்ன?"

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் இன்னா சொல்றது. வாயில பறி இருந்துச்சி."

வரிசையில் இல்லாதவளுக்கு இறால் கிடைக்காது. தனியாகத் தடவினால் இறால் நாலு பக்கமும் ஓடிவிடும். திருக்கை மீன் வால்முள்ளால் அடித்தால் தூக்கிக் கரைசேர்க்க ஆளும் கிடையாது. அத்தைக்கு வேறு வேலையும் கிடையாது.

சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்துடுவேன்னு சொன்னியே பாப்பா."

"எடுத்துடறேன் அத்தை."

"டீக்கடையில படிச்சது பூடுச்சி, அத ஒண்ணும் பண்ண முடியாது. காலேஜில குடுக்கறதுல இல்லாம பண்ணு. அப்ப நான் இவளுங்ககிட்ட சொல்லிக்கலாம், தப்பா எழுதிட்டா, அவளே எடுத்துட்டான்னு. செய்வ இல்ல?"

"செய்றேன்."

ஏட்டைச் சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருந்தது. விடுதியில் கணினியைத் திறந்து அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துகளின் மேல் நீலம் படர்ந்தது. ஒரு விசையை அழுத்தினால் போதும். பன்னிரண்டு பதினொன்றாகும், அட்டவணைகளைத் திருத்த வேண்டும், ஐந்தாம் அத்தியாயத்தின் முதுகெலும்பு போய்விடும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அந்தப் பச்சை மை. துறையில் முதலிடம் எனக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் குப்பத்திலிருந்து ஒருத்தி முதலிடம். பற்களைப் பற்றிய வரியை மட்டும் அழித்தேன். இனி யாரென்று தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஊருக்கே தெரிந்த பிறகு.

அம்மா தொலைபேசியில் கேட்டாள். "உங்க அத்த கேக்கறா, பண்ணிட்டியான்னு."

"பண்ணிகினு கீறேன்னு சொல்லு" என்றேன்.

பிறகுதான் அந்த வாய்மொழித் தேர்வும், அந்த 'இல்லை'யும்.

பொன்னெழுத்தில் தலைப்பு அச்சிட்ட ஏட்டோடு ஊருக்கு வந்தேன். நைனா அதைத் துண்டால் துடைத்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். இந்த முறை டீக்கடைக்கு எடுத்துப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். இளைத்திருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, "இதுவா?" என்று ஏட்டைக் காட்டினாள். "என்னுத எடுத்துட்டல்ல? அந்த எடத்த படி, கேப்போம்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் நைனாவுக்கும் தெரியாது. நான் எதைப் படித்தாலும் அதுதான் அங்கே எழுதியிருப்பது. ஆறாம் எண்ணைப் படித்து, பக்கத்தைத் திருப்பி, எட்டாம் எண்ணைப் படித்திருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தைத் திருப்பவும் செய்தேன். பிறகு பழைய பக்கத்துக்கே வந்து, ஏழாம் எண்ணைப் படித்தேன். அது என் நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தயாராகிவிட்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

முழுக்கக் கேட்டாள். எழுத்தில் வந்த தன் பேச்சை அவள் காதால் கேட்டது அதுதான் முதல் முறை. எடுக்கவில்லையே என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"மீதி எங்க?" என்றாள்.

"எது அத்தை?"

"அதுக்கு அப்பால சொன்னேனே. ஊட்டுக்காரன் செத்தது, அழுகை அது வர்றப்பதான் வரும்னது. அத எங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதச் சொல்லத்தானே இதச் சொன்னேன்" என்றாள் அத்தை. "நான் இன்னாவோ, தண்ணி வச்சத வெளிய சொன்னதுக்குத்தான் இவளுங்களுக்குக் கோவம்னு நெனச்சிகினு கீறேன். நீ பாதிய முழுங்கிகீற."

கைபேசியை எடுத்தேன். "எல்லாம் இதுல கீது அத்தை. நீ சொன்னது முழுசா. நாளைக்கு ஏரிக்கு வரேன், எல்லாருக்கும் போட்டுக் காமிக்கிறேன். நீ சொன்னதும் தெரியும், நான் வெட்டினதும் தெரியும்."

"வேற யாரும் கேக்கமாட்டாங்கன்னு சொல்லித்தானே பேச வச்ச?"

"ஆமா. ஆனா நீ சரின்னா..."

"நான் செத்தா பூட்டேன், மிஷின் பேசறதுக்கு? எனக்கு வாயி கீது. நானே சொல்லிக்கிறேன். நம்புனா நம்பட்டும்." கைபேசியைக் காட்டினாள். "அத அழி. நான் பாக்கறேன்."

அழித்தால் அவள் சொன்னதற்குச் சாட்சியே இருக்காது என்று சொன்னேன். ஆராய்ச்சி படித்தவளுக்கு வருகிற பயம். அவள் காட்டிய விரலை எடுக்கவில்லை. அழித்தேன். 'நிரந்தரமாக நீக்கவா' என்று கைபேசி கேட்டதையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு அழுத்தினேன்.

"பூடுச்சா?"

"பூடுச்சி."

"இதயாவது செஞ்சியே" என்று எழுந்து போனாள்.

மறுநாள் முதல் பேருந்தில் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அத்தை ஒப்புதலைத் திரும்பப் பெற்ற பிறகும் அவள் பேட்டியை வைத்திருந்தது, பாதியை வெட்டியது, தேர்வாளரிடம் சொன்ன பொய். அவர் ஏட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பச்சை 'அருமை'யை அவரும் நினைத்திருக்கலாம். கடிதம் எழுதித் தரச் சொன்னார். தந்தேன். ஏட்டைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க அனுமதித்தார்கள். முதலிடப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அது எனக்கு வலித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நன்றாகவே வலித்தது.

புது ஏட்டை அத்தையிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். ஆறாம் எண் முடிந்ததும் எட்டு என்று படித்தேன்.

"ஏழு எங்க?"

"இல்ல அத்தை. அந்த நம்பரையே எடுத்துட்டேன். ஏன் இல்லைன்னு மட்டும் கடைசியில எழுதிகீறேன். தப்பு என்னுதுன்னு."

"ஆறுக்கு அப்பால எட்டா?" அவள் உதட்டைத் தூக்கித் தன் முன்பற்கள் இருந்த இடத்தைக் காட்டினாள். "இந்தா, இது மாறி." அம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர்களோடு ஏரிக்குப் போனேன். பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். அத்தை கரையில் நின்றபடியே பேசினாள். தண்ணீரைக் கண்ணில் வைத்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு உள்ளதையும் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கூடவே, "வெட்டினது நான்தான், அவங்க முழுசாத்தான் சொன்னாங்க" என்றேன். என் குரல் தண்ணீரில் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது.

"படிச்சவ எழுதுனா ஒண்ணு, பேசுனா ஒண்ணு" என்று ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடியும் கவ்விக்கொண்டாள். வரிசை நகரத் தொடங்கியது.

அம்மா வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்திருந்தாள். நாலு அடி நகர்ந்ததும் நின்றாள். வாயிலிருந்த பறியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நின்னுகினே கீறியே, வா" என்றாள்.

அத்தை சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். யாரும் எழுந்து தள்ளிப் போகவில்லை. யாரும் அவளிடம் பேசவும் இல்லை. நான் கரையில், செருப்புக்காலோடு, ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை.

அவள் இடம் முன்பு நடுவில். இன்னும் கடைசியில்தான் இருக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாளாம், சிலர் சிரிக்கிறார்களாம். நான் ஊருக்குப் போனால் எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுக்கிறாள். ஆனால் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. "வாங்க டீச்சர்" என்கிறாள்.